தோலோடு ஒட்டிய கம்பளி

நோர்வேயின் பேர்கன் நகரத்துக்குப் புதிதாக வருகிற எங்கள் ஆட்கள் அநேகமாக முதலில் விசாரிப்பது, தடித்த ஜக்கெற் எங்கே வாங்கலாம் என்றுதான். ஜக்கெற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் உள்ளே போடுகிற கம்பளியை வாங்குங்கள் என்று நான் சொல்வேன். நோர்வேயில் கம்பளியைத் தோலோடு ஒட்டித்தான் போடுகிறார்கள். மேலே வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது மகளின் பார்னஹாகே. இங்கே பள்ளிக்கூட வயதுக்கு முந்திய பிள்ளைகள் போகிற இடம் அது. சேர்ந்ததுமே ஒரு பட்டியல் தந்தார்கள்: மெல்லிய கம்பளி மேலுடுப்பு, நீளக் காற்சட்டை, கம்பளிச் சொக்ஸ், கையுறை, கழுத்தையும் காதையும் மூடுகிற தொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே மழை உடுப்பு. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். மாற்றுடுப்பும் அதே கம்பளியில் ஒரு தொகுதி இருக்க வேண்டும். மழையோ பனியோ, பிள்ளைகள் தினமும் வெளியில் விளையாடுவார்கள். சின்னக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியிலேயே தூங்கவைப்பார்கள். அடியில் ஆட்டுத்தோல் விரிப்பு, மேலே கம்பளிப் போர்வை. எங்கள் வீடுகளில் பின்னேரப் பனி படக்கூடாது என்று குழந்தையின் தலைக்குத் துணி கட்டுவோம். அப்படி வளர்ந்த எனக்கு, தூறலில் தாழ்வாரத்தின் கீழே வரிசையாக நின்ற தள்ளுவண்டிகளைப் பார்க்க நெஞ்சு பதறியது. அங்கே வேலை செய்த பெண் என் கையைப் பிடித்துக் குழந்தையின் பிடரியில் வைத்துக் காட்டினார். விரலுக்கும் மூக்குக்கும் குளிர் தெரியலாம், பிடரி சூடாக, வியர்க்காமல் இருந்தால் சரி என்றார். இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பேர்கனில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேலே மழை. யாழ்ப்பாணத்தில் மாரி என்று ஒரு காலம் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே எல்லா மாதமும் மழைதான். இங்கே மாரி என்றால் குளிர்காலம். அப்போது வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். உள்நாட்டின் காய்ந்த குளிரைவிட இந்த ஈரக் குளிர் உடம்புக்குள் ஆழமாக இறங்கும். பருத்தி ரீசேட் வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் தோலில் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மேலே எவ்வளவு விலையான ஜக்கெற் போட்டாலும் அதற்குப் பரிகாரம் இல்லை.

கம்பளி இழை நம்முடைய முடியையும் நகத்தையும் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. இயல்பிலேயே சுருண்டிருப்பதால் இழைகளுக்கு இடையில் காற்று தங்குகிறது. அந்தக் காற்றுத்தான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் எடுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஈரத்தை உறிஞ்சும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். அதனால்தான் நனைந்த கம்பளியோடும் பிள்ளைகள் சேற்றில் உருண்டு விளையாட முடிகிறது. உடுப்பு இறுக்கமாக இருக்கக்கூடாது, சப்பாத்துக்குள்ளும் காற்றுக்கு இடம் வேண்டும். பொருந்துகிற சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸைத் திணித்தால் கால் முன்னையைவிட விறைக்கும்.

விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். பேர்கனுக்குப் பக்கத்தில் எஸ்பெலாந்தில் 1895 முதல் இருக்கிற யானுஸ் கம்பளித் தொழிற்சாலைக்கு அங்கேயே ஒரு விற்பனைக் கடை இருக்கிறது. பிள்ளைகளின் உடுப்புக்குப் புதியதே தேவையில்லை. பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் பணம் சேர்க்க நடத்துகிற பழைய பொருள் சந்தைகளில் நல்ல கம்பளி மலிவாகக் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு அளவு போதாமல் போனதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது இங்கே சாதாரண விஷயம். வாங்கிக்கொள்ள வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பேர்கனில் குடியேறுவதற்கு முன் அத்தான் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வர்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற மீன்பிடி ஊர்களுக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள். கால் நாள் முழுக்க ஈரத் தரையில், கை குளிர்ந்த மீனில். உடன் வேலை செய்த நோர்வேக்காரர்களைப் பார்த்து ரப்பர் கையுறைக்குள்ளே கம்பளிக் கையுறை போடப் பழகியதை அவர் இன்றும் நன்றியோடு சொல்வார். அந்தக் கடற்கரைகளின் பழைய மீனவர்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. கையுறையை மிகப் பெரிதாகப் பின்னி, வேண்டுமென்றே சுருக்கித் தடிக்கச் செய்வார்கள். வேலைக்கு முன் அதைக் கடல்நீரில் தோய்த்துப் பிழிந்துவிட்டுப் போடுவார்கள். ஈரத்தோடேயே கை சூடாக இருக்கும்.

அந்தச் சுருக்கம்தான் வீட்டில் நமக்கு எதிரி. கம்பளி இழையின் மேல் மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு இறுகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஆகவே வோஷிங் மெஷினில் கம்பளிக்கான திட்டத்தில் 30 பாகைக்குப் போடுங்கள். சாதாரண சலவைத் தூள்கள் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கிற நொதி இருக்கும். கம்பளியே புரதம் என்பதால் அது இழையையும் தின்னும். கம்பளிக்கென்று விற்கிற திரவத்தை வாங்குங்கள், துணி மென்மையாக்கி வேண்டாம். தோய்த்ததைத் தொங்கவிட்டால் நீண்டுபோகும், தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். இதையெல்லாம்விட முக்கியம், அடிக்கடி தோய்க்கத் தேவையே இல்லை. ஒரு இரவு காற்றில் போட்டால் வியர்வை மணம் போய்விடும். சமையல் மணம் அவ்வளவு சுலபமாகப் போகாது. தாளிக்கிற நேரத்தில் கம்பளி இருக்கிற அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். பூச்சி பிடித்ததென்று சந்தேகம் வந்தால் பையில் கட்டி ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்தால் போதும்.

தைப்பொங்கல் விழாவுக்குச் சேலை கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாவாடைக்கு உள்ளே மெல்லிய கம்பளிக் காற்சட்டை போடுங்கள். வெளியே தெரியாது. விழா முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது அருமை தெரியும்.

சரி, இதைத் தருகிற ஆடுகள். எங்கள் ஊர்ச் செம்மறியின் உடம்பில் இருப்பது கட்டையான மயிர்தான். இறைச்சிக்கும், தோட்டத்தில் பட்டி அடைத்து எரு எடுப்பதற்கும் வளர்த்தோம். ஆட்டிலிருந்து உடுப்பு வரும் என்று பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. பேர்கனுக்கு வடக்கே லிக்ரா தீவுக்குக் குடும்பமாகப் போனபோதுதான் பழைய நோர்வே இன ஆடுகளைக் கிட்டத்தில் பார்த்தேன். சின்ன உருவம், பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று பல நிறம். வருடம் முழுக்க வெளியில்தான் நிற்கின்றன. மாரியில் ஹெதர் என்ற பச்சை மாறாத குற்றுச்செடியைக் கடித்து வாழ்கின்றன. முற்றிய செடியை விவசாயிகள் அளவாக எரித்துப் புதுத் தளிர் வரவைக்கிறார்கள். இந்த ஆட்டின் கம்பளி இரண்டு அடுக்கு. மேலே நீளமான முரட்டு மயிர், மழை அதன் வழியே வழிந்து ஓடிவிடும். உள்ளே மென்மையான பஞ்சு. கோடை தொடங்கும்போது கம்பளி தானாகவே கழரும், கத்தரிக்காமல் கையாலேயே பிடுங்கி எடுக்கலாம். வைக்கிங் கப்பல்களின் பாய்களை இப்படிப்பட்ட ஆடுகளின் கம்பளியில்தான் நெய்தார்கள். கடலைக் கடந்த அந்தப் பாய்களுக்காக எத்தனை பெண்கள் எத்தனை மாரிகாலம் நூல் நூற்றிருப்பார்கள் என்று அங்கே நின்று யோசித்தேன்.

இப்போது பண்ணைகளில் கூடுதலாக இருப்பது பெரிய வெள்ளை ஆடு. கோடையில் சுமார் 20 லட்சம் செம்மறிகளை மலையில் மேயவிடுகிறார்கள். செப்டெம்பரில் ஊரே சேர்ந்து அவற்றைக் கீழே ஓட்டிவருகிறது. அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை ஆட்டிறைச்சியும் கோவாவும் முழு மிளகும் போட்டு அவிக்கிற ஃபோரிகோல் நாள். உறைப்பே இல்லாத சாப்பாடு, ஆனால் எனக்குப் பிடிக்கும்.

இந்த வெள்ளை ஆட்டின் இழை தடித்தது. சுமார் 30 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட இழை தோலைக் குத்தும். அதனால் உள்ளுடுப்புக்கு 20 மைக்ரோனுக்கும் குறைந்த, மெரினோ இன ஆட்டின் இழையை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து எடுக்கிறார்கள். சுவெற்றர், சொக்ஸ், கம்பளம் எல்லாவற்றுக்கும் நோர்வே ஆட்டின் கம்பளி நல்ல உறுதி. பக்கத்து மலையில் மேய்ந்த ஆட்டின் கம்பளி உள்ளூரிலேயே நூலாக வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே பின்னுவதற்கு ஹில்லெஸ்வோக் ஆலையின் நூலைத்தான் வாங்குகிறேன். பேர்கனுக்கு வடக்கே 1898 முதல் நடக்கிற ஆலை அது.

கம்பளியில் ஊறியிருக்கிற கொழுப்புக்கும் பயன் உண்டு. அதைச் சுத்தம் செய்து எடுப்பதுதான் லனோலின். பால் கொடுக்கிற தாய்மாரின் புண்ணுக்குப் பூசுகிற களிம்பு அதுதான். கடைகளில் விற்கிற விற்றமின் டி மாத்திரைகள் பலவும் அதிலிருந்தே வருகின்றன. மாரியில் இங்கே வெயில் போதாது, எங்கள் கறுத்தத் தோலுக்கு அந்தக் குறை இன்னும் கூடுதலாக வரும். ஆகவே டொக்டரிடம் இரத்தம் பரிசோதித்துப் பார்க்கத் தவறாதீர்கள்.

மொழி வகுப்பில் படித்ததைவிடக் கூடுதலான நோர்வேஜிய மொழியை நான் பின்னல் பழகும்போதுதான் படித்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கிழமைக்கு ஒரு நாள் கோப்பி குடிக்கக் கூப்பிடுவார். கை வேலையில் இருந்தால் சொல் வராமல் மௌனமாக இருப்பதும் சங்கடமாக இருக்காது. கண்ணி எண்ணியே இலக்கங்கள் நாக்கில் படிந்தன. அவர் முதலில் காட்டியது மாரியுஸ் கோலம். 1953இல் ஊன் சோய்லாந்த் டாலே வடிவமைத்த அந்த நீல, சிவப்பு, வெள்ளைச் சுவெற்றர் இந்த நாட்டின் அடையாளம்போல ஆகிவிட்டது. இப்போது ஃபானா கொஃப்தே என்ற எங்கள் பகுதியின் முன்பக்கம் திறக்கிற சுவெற்றரில் வந்து நிற்கிறேன். உடம்பில் கோடும் புள்ளியும், தோளில் எட்டிதழ்ப் பூ. உடம்பைக் குழாய்போல வட்டமாகப் பின்னி முடித்த பிறகு, முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டித் திறக்க வேண்டுமாம். கம்பளி இழை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் பிரியாது, பயப்படாமல் வெட்டு என்கிறார் அந்த அம்மா. வெட்டுகிற இடத்தின் இரண்டு பக்கமும் தையல் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு இந்தச் சனிக்கிழமை வெட்டப் போகிறோம்.