இரண்டாவது மானிட்டருக்காக அலைந்த அலைச்சல்

லேப்டாப் திரையோடு சேர்த்து மூன்று திரைகளிலும் இப்போது தனித்தனியாகப் படம் வருகிறது. இதற்குப் போன நேரத்தில் பாதியை, அடித்துப் பேசிய ஒரு கடைக்காரர் தின்றார். மீதியை எங்கள் ஆபீஸ் ஹெல்ப்டெஸ்க் தின்றது. நீங்களும் இந்த வேலையில் இறங்கப் போகிறீர்கள் என்றால், பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் செய்வது மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளியின் சார்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போடும் வேலை. தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே வேலை. நோயாளியின் சார்ட் ஒரு திரையில், கோடு தேடும் சாஃப்ட்வேர் இன்னொன்றில், மெயிலும் சாட்டும் லேப்டாப்பில் என்று விரித்து வைத்தால்தான் அன்றைய டார்கெட்டைத் தொட முடியும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி, இரண்டு சாதாரண யூஎஸ்பி. முதல் மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டி, விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி எக்ஸ்டெண்ட் (ஒவ்வொரு திரையிலும் தனிப் படம்) கொடுத்தேன். வந்துவிட்டது.

இரண்டாவதை எங்கே மாட்டுவது? மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான் இறங்கியிருக்கும்.)

"ஒரே எச்டிஎம்ஐல ரெண்டு மானிட்டர், அவ்ளோதானே மேடம்? இந்த ஸ்ப்ளிட்டரப் போடுங்க."

"ரெண்டுலயும் வேற வேற படம் வருமாண்ணா?"

"எக்ஸ்டெண்ட் குடுங்க மேடம், தானா வரும்."

திரும்பவும் கேட்டேன். திரும்பவும் வரும் என்றார். என்னுடைய இரண்டாவது மானிட்டர் செகண்ட் ஹேண்ட். அதில் டிவிஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு இரண்டு வகைத் துளைகள்தான் உண்டு, எச்டிஎம்ஐ கிடையாது. அதற்கு அவர் ஒரு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், இன்னொரு பக்கம் எச்டிஎம்ஐ உள்ள கேபிளை எடுத்து நீட்டினார். பக்கத்தில் நின்ற கடைப் பையன்தான் தடுத்தான். அந்தக் கேபிள் ஒருவழிப் பாதையாம். கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால்தான் வேலை செய்யும், லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகாது. அதற்குப் பதில் எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளைக் கொடுத்தான். இரண்டும் ஒரே வகை சிக்னல் என்பதால் எந்தப் பக்கமும் மாட்டலாம், விலையும் குறைவு. அந்தப் பையனையே ஸ்ப்ளிட்டரைப் பற்றியும் பேசவிட்டிருந்தால் எனக்கு ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் லேப்டாப்பும் ஒரே ஒரு மானிட்டரும்தான் தெரிகின்றன. ஸ்ப்ளிட்டரின் வேலையே அதுதான்: வருகிற ஒரு சிக்னலை நகல் எடுத்து இரண்டு பக்கமும் தள்ளும். டிவி ஷோரூமில் வரிசையாக ஒரே கிரிக்கெட் ஓடுகிறதே, அதற்கானது. ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து ஒரு படம்தான் வெளியே வரும். எந்த செட்டிங்ஸாலும் அதை மாற்ற முடியாது.

மறுபடி போனபோது லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டேன். "உங்களுக்கு செட்டிங்ஸ் தெரியல மேடம்" என்று கடைக்காரர் ஆரம்பித்தார். சரி, நீங்களே செய்யுங்கள் என்று கவுன்ட்டரில் திறந்து வைத்தேன். கடையிலிருந்த இரண்டு மானிட்டர்களில் மாட்டித் தட்டிக்கொண்டே இருந்தார். வேறு கஸ்டமர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், "எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கோங்க, ரிட்டர்ன் கிடையாது" என்று முடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே மெட்ரோ டிக்கெட் தகும். எது வாங்கினாலும் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள்; கவுன்ட்டரிலேயே படம் வந்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.

அடுத்து டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர். கவுன்ட்டரிலேயே மாட்டினோம், 'நோ சிக்னல்'. அதே பையன் குனிந்து போர்ட்டைப் பார்த்தான். "அக்கா, இதுல டிபி மார்க் இல்ல, மின்னல் குறியும் இல்ல. சார்ஜும் டேட்டாவும்தான் போகும் போல." டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதன் வழியாகப் படம் வர டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (பையன் சொன்ன டிபி, டிஸ்ப்ளேபோர்ட்டின் சுருக்கம்தான்) என்ற வசதியை லேப்டாப் கம்பெனி உள்ளே கொடுத்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் வசதியைக் கொடுத்துவிட்டுக் குறியைப் போடாமல் விடுவதும் உண்டு. அதனால் லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்ப்பதுதான் நிச்சயம். நானும் அங்கேயே போனில் பார்த்தேன். பையன் சொன்னது சரி. போனுக்கு வந்த டைப்-சி சார்ஜர் கேபிளை மானிட்டருக்கு மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றில் பெரும்பாலானவற்றில் படம் போகாது.

உங்கள் டைப்-சியில் படம் வருமென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். விண்டோஸாக இருந்தால் எம்எஸ்டி ஹப் (ஒரே போர்ட்டிலிருந்து தனித்தனிப் படங்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று போதும், இரண்டு ஃபுல் எச்டி மானிட்டர்கள் ஓடும். மேக்புக்காரர்கள் அந்த ஹப்பை வாங்காதீர்கள், மேக் ஓஎஸ் அதில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரு வெளி மானிட்டரைத்தான் தாங்கும். எம்3 என்றால் மூடியைச் சாத்திவிட்டு இரண்டு.

எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி சாதாரண யூஎஸ்பி. "டிரைவர் உள்ளேயே இருக்கு, செருகினா போதும்" என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு மலிவு அடாப்டர் கைக்கு வந்தது. இதை மட்டும் கடையில் சோதிக்கவில்லை. வீட்டில் விபிஎன் போட்டு ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைந்து அதைச் செருகிய கொஞ்ச நேரத்தில் டீம் லீட் போன்: "என்னம்மா, பென்டிரைவ் போட்டியா? செக்யூரிட்டியிலிருந்து மெயில் வந்திருக்கு." டிரைவர் (சாதனத்தை இயக்கும் சாஃப்ட்வேர்) உள்ளேயே இருக்கிறது என்றால் அது ஒரு சின்ன சிடி டிரைவ் மாதிரி தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று அர்த்தம். அமெரிக்க நோயாளிகளின் விவரங்கள் உள்ள மெஷினில் எந்த ஸ்டோரேஜும் செருகக் கூடாது. ஆபீஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த வகையின் பக்கமே போகாதீர்கள்.

நமக்குத் தேவையானது பெட்டியில் டிஸ்ப்ளேலிங்க் என்று அச்சிட்டிருக்கும் வகை. அதன் டிரைவரைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும், அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டேன். "யூசர் ஓன்டு டிவைஸ், நாட் சப்போர்ட்டட்" என்று எழுதி 'ரிசால்வ்டு' என்று மூடிவிட்டார்கள். என்ன ரிசால்வ் ஆனது என்று இன்றுவரை புரியவில்லை. திரும்பத் திறந்தால் வேறொருவர் வந்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார். இன்னொருவர் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். நான் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை.

கடைசியில் டிக்கெட்டின் வாசகத்தையே மாற்றினேன். 'மானிட்டர் வரவில்லை' என்ற பேச்சே இல்லை. டிரைவரின் பெயர், அதை வெளியிடுவது சினாப்டிக்ஸ் (2020இல் டிஸ்ப்ளேலிங்க்கை வாங்கிய கம்பெனி), இது ஸ்டோரேஜ் அல்ல, டிஸ்ப்ளே சாதனம், அப்புறம் கீழே டீம் லீடின் ஒப்புதல். அவர் 'புரொடக்டிவிட்டி டார்கெட்டுக்குத் தேவை' என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரிக்குத்தான் மரியாதை. ரிமோட்டில் வந்து டிரைவரைப் போட்டுவிட்டுப் போனார்கள். அனுமதி கைக்கு வந்த பிறகே அடாப்டரை ஆர்டர் செய்தேன், இந்த முறை ஆன்லைனில்.

செருகியதும் படம் வந்தது. இந்த வகையில் லேப்டாப்பே படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியாக அனுப்புவதால் பிராசசருக்குக் கொஞ்சம் பாரம். எழுத்து பளிச்சென்று இருக்கிறது, வீடியோ போட்டால் லேசாக இழுக்கிறது. அதனால் அசையாத சார்ட்டை அதில் வைத்துவிட்டு, ஓயாமல் ஸ்க்ரோல் செய்யும் சாஃப்ட்வேரை எச்டிஎம்ஐ மானிட்டரில் வைத்திருக்கிறேன். அடாப்டரை லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள், மலிவு ஹப் வழியாகக் கொடுத்தால் திரை அவ்வப்போது அணைந்து எரிகிறது. மவுஸ் தப்பான பக்கம் போனால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பெட்டிகளை உங்கள் மேஜையில் இருக்கிற வரிசைக்கே இழுத்து வையுங்கள். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி போனால் மேஜையே ஆடும், அதனால் திருகு உள்ள டிவிஐ கேபிளைத் திருகி முடுக்கிவிட்டேன்.

அந்த மலிவு அடாப்டர் டப்பாவோடு அப்படியே கிடக்கிறது. ஆபீஸ் கட்டுப்பாடு இல்லாத என் தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் நன்றாகவே படம் வந்தது. வட சென்னையில் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். உங்கள் லேப்டாப்போடு வந்து மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.