ஒலிபெருக்கிக்கு ஓர் அளவு, ஹெட்போனுக்கு ஓர் அளவு

கணினியின் ஒலிபெருக்கியில் அறை முழுவதும் கேட்பதற்காக உயர்த்தி வைத்த ஒலியளவு, ஹெட்போனைச் செருகியதும் அப்படியே காதுக்குள் பாய்வது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு கூறுகிறது. குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடுகிறது.

விண்டோஸ், 2007இல் அதன் விஸ்டா பதிப்பு வெளிவந்த காலம் முதலே, ஒவ்வோர் ஒலிக்கருவிக்கும் உரிய அளவைத் தனியே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே யுஎஸ்பி அல்லது புளூடூத் ஹெட்போன் வைத்திருப்போருக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சிக்கல் கம்பியுள்ள ஹெட்போனைச் செருகும் 3.5 மி.மீ. துளையில்தான்: பல மடிக்கணினிகளில் டிரைவர் (ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருள்), ஒலிபெருக்கியையும் அந்தத் துளையையும் ஒரே கருவியாகக் காட்டுவதால், இரண்டுக்கும் ஒரே அளவு என்றாகிவிடுகிறது. (மேக் கணினியும், லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ மென்பொருளும் இவ்விரண்டையும் பிரித்தே நினைவில் கொள்கின்றன, எல்லாக் கணினிகளிலும் இதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.)

ஒலிச் சில்லுகளைத் தயாரிக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் சில டிரைவர்களின் மேம்பட்ட அமைப்புகளில் வெளியீடுகளைத் தனித்தனிக் கருவிகளாகப் பிரிக்கும் தேர்வு உண்டு. முதலில் அதைத் தேடிப் பாருங்கள். அது இல்லையெனில், யுஎஸ்பி துளையில் செருகி ஹெட்போனை இணைக்க உதவும் விலை குறைந்த யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்றே போதும், ஏனெனில் விண்டோஸ் அதைப் புதிய கருவியாகவே கொள்ளும். அதைச் செருகியபின், ஹெட்போனைக் காதில் மாட்டும் முன்பே அளவை 20க்குக் குறைத்து, ஒரு பாடலை ஓடவிட்டு மெல்ல உயர்த்துங்கள். அடுத்த முறை அதே அளவிலேயே தொடங்கும்.