கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சபையில்

ஒரு கிறிஸ்தவ சபை பல்லினச் சபையா என்று பார்க்க அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: எந்த ஓர் இனத்தாரும் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1998இல் அப்படிப்பட்ட சபைகள் 6 சதவீதம், 2019இல் 16. பெரும்பாலும் வெள்ளையர் சபைகளுக்கு மற்றவர்கள் போனதால் வந்த வளர்ச்சி இது. வெள்ளையர் கறுப்பர் சபையில் போய்ச் சேருவது இன்றும் அபூர்வம். அதனால் சபைகளோடு வேலை செய்பவர்கள் தலை எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. பொருளாளர் யார், பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது யார், ஆலயச் சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும்.

பிரிவினை வந்ததே, ஆட்கள் இருந்தும் அதிகாரம் இல்லாத இந்த வழியில்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் மாடம் கட்டவும் தரை போடவும் கறுப்பின விசுவாசிகள் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள். அதே ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத் தலைவர் அப்சலோம் ஜோன்ஸை ஜெபம் முடியும்வரைகூட விடாமல் வெள்ளையர் நிர்வாகத்தினர் பிடித்து எழுப்பினார்கள். ஜெபம் முடிந்ததும் ஜோன்ஸும், கறுப்பினப் பிரசங்கியார் ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். 1816இல் ஆலன் தலைமையில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை என்ற கறுப்பர் திருச்சபை அமைந்தது. 1939இல் பிரிந்திருந்த அமெரிக்க மெதடிஸ்டுகள் ஒன்றுசேர்ந்தபோதும், மற்றச் சபைகளை வட்டாரப்படி பிரித்துவிட்டு, கறுப்பர் சபைகளை மட்டும் நிறத்தின்படி தனி நிர்வாகத்தில் வைத்தார்கள். அது 1968 வரை நீடித்தது.

இன்று ஒரு வெள்ளையர் சபையும் ஒரு கறுப்பர் சபையும் இணையும்போது சிக்கல் வருவது உபதேசத்தில் அல்ல, நேரத்தில். வெள்ளையர் பக்கம் ஒரு மணி நேரத்தில் ஆராதனை முடிந்து பழக்கம். கறுப்பர் பக்கம் இரண்டு மணி நேரம் சாதாரணம், பிரசங்கத்துக்கு நடுவே சபை ‘ஆமென்’ என்று பதில் கொடுக்கும். எழுதி வைக்காவிட்டால் கடிகாரம் வெள்ளையர் பக்கமே சாயும். நான்கு பாட்டில் ஒன்றைக் கறுப்பர் சபைகளின் காஸ்பல் பாட்டாக்கி, அதையும் பியானோவில் மெதுவாக வாசித்து முடித்துவிடுவார்கள். அது விருந்தாளிக்குப் போடும் நாற்காலி. ஒரு காலாண்டு முழுவதும் பாட்டுப் பொறுப்பைக் கறுப்பினப் பாடகர் குழுத் தலைவரிடம் விட்டுவிடுவதே சரி. முணுமுணுப்பு வரும், வரட்டும்.

முதல் கூட்டு ஆராதனைக்கு முன்பே சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: இரு போதகர்களின் சம்பளம், காசோலையில் கையெழுத்துப் போடுபவர்கள், ஈஸ்டர் பிரசங்கம் யாருக்கு, எந்தக் கட்டடம் விற்கப்படும், அந்தப் பணம் எந்தக் கணக்குக்கு. இவற்றைப் ‘பிறகு ஜெபித்துப் பார்க்கலாம்’ என்று தள்ளினால், கறுப்பர் சபையின் கட்டடம் விற்பனைக்குப் போகும், அதன் போதகர் உதவிப் போதகர் ஆவார்.

ஒரே கூரையை இணைப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. மதியத்துக்கு மேல் வாடகைக்கு வரும் கொரிய, ஸ்பானிய, தமிழ்ச் சபைகளுக்கு அமெரிக்க ஆலயங்கள் இடம் தருகின்றன, நல்ல காரியம். ஆனால் ஆலயக் கமிட்டியில் அவர்களுக்கு ஓட்டு இல்லையென்றால் அவர்கள் வாடகைதாரர்களே.

இணைப்பின் இரண்டாம் ஆண்டில் வருகைப் பதிவேட்டைவிட விலகியவர்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும். சிறுபான்மையாக இருப்பவர்களே முதலில், பெரும்பாலும் காரணம் சொல்லாமல், போகிறார்கள். போதகர் ஒரு மாதத்துக்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டால் காரணம் தெரியவரும்.