ராணிகள் நடந்த பாதை: ஜூலை மாதக் குறிப்புகள்

2024 ஜூலை 6, சிங்கப்பூர்

இம்மாதக் கடைசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றுக் கழகத்தில் ஜான்சி ராணிப் படையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெண்கள் படைப்பிரிவு அது; அதன் வீராங்கனைகளை ராணிகள் என்பார்கள். அதுவரை படிப்பதையும் நினைப்பதையும் இங்கே எழுதிவரலாம் என்று எண்ணம்.

அண்ணன் மகன் இப்போது தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கிறான். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தவன் மேசையில் கிடந்த என் குறிப்புகளைப் புரட்டினான். "அத்தை, இவர்கள் போர்முனையில் சண்டையே போடவில்லை என்று இருக்கிறதே. பிறகு எப்படி இதைப் படை என்கிறீர்கள்?" என்று கேட்டான். ஏளனம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவன் மேல் அல்ல. துப்பாக்கி சுட்டால்தான் போர் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்த அத்தனை பேர் மேலும்.

பதில் சொல்லாமல் சாப்பாடு எடுத்து வைத்தேன். அந்தக் கேள்விக்குச் சாப்பாட்டு மேசையில் பதில் சொல்ல முடியாது.

ஜூலை 9

வேலை முடிந்து பாடாங் திடல் வரைக்கும் நடந்தேன். 1943இல் இதே தேதியில் சுபாஷ் சந்திர போஸ் இங்கே பெருங்கூட்டத்தில் பேசினார். ஆள், பணம், பொருள் அனைத்தையும் திரட்ட வேண்டும் என்றார். அதோடு பெண்களுக்கென்று ஆயுதம் ஏந்திய ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றும் கேட்டார். அவர் சிங்கப்பூருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

எதிரே எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடம் இருந்தது. 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் ஜப்பான் தோற்றதும் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் வைத்த அடையாளப் பலகைதான் இப்போது அங்கே நிற்கிறது.

ஜூலை 12

பெண்களுக்கான கூட்டம் நடந்தது 1943 ஜூலை 12இல். அதற்காக டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் வீடு வீடாகப் போய் இருபது பெண்களைச் சேர்த்தார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1940இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த இருபது பேரும் சேலை உடுத்தி, .303 துப்பாக்கியை ஏந்தி அணிவகுப்பு மரியாதை தந்தார்கள். அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய நான்கு கிலோ எடை. ஓரிரு நாள் பழக்கத்தில் அதைத் தூக்கிக் கை நடுங்காமல் நிற்பதற்கே உரம் வேண்டும்.

வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறந்தது அக்டோபர் 22இல். அதற்கு முந்தைய நாள்தான் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த ஒரே பெண் அமைச்சர் லட்சுமி. இன்று மாலை அந்தத் தெருவில் கிருஷ்ணன் கோயில் பக்கம் சற்று நேரம் நின்றேன். பக்கத்துச் சீனக் கோயிலுக்குப் பூ வாங்குவோர் கூட்டம் வழக்கம்போல் நெரிந்தது. விடியற்காலை உடற்பயிற்சி, கவாத்து, துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, இயந்திரத் துப்பாக்கி, இரவு நடை எல்லாம் தொடங்கியது இந்தத் தெருவில்தான். கட்டளைகள் இந்துஸ்தானியில். தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்துப் பெண்கள் ரோமன் எழுத்தில் எழுதிவைத்து அதையும் கற்றுக்கொண்டார்கள்.

படையில் பெரும் பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பேச்சில் அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இந்தப் படையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேப்டன் லட்சுமியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் கங்காணியின் அதட்டலுக்கு நடுவே பால்மரம் சீவிக்கொண்டிருந்த பெண், சீருடை போட்டு, நிமிர்ந்து நின்று, சக வீராங்கனையின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டாளே, அதைவிடப் பெரிய திருப்பம் அந்தப் போரில் எது?

ஜூலை 14

அண்ணன் மகனின் பாதம் முழுவதும் கொப்புளம். இந்த வாரம் 16 கிலோமீட்டர் நடை, முதுகில் முழுச் சுமை. உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதுதான் சமயம் என்று பின்வாங்கலைப் பற்றிச் சொன்னேன்.

1944 கோடையில், ஜப்பானியரும் இந்திய தேசிய ராணுவமும் சேர்ந்து நடத்திய இம்பால் முற்றுகை தோற்றது. பிரிட்டிஷ் படை பர்மாவுக்குள் இறங்கி வந்தது. அடுத்த மார்ச்சில் பர்மிய தேசியப் படையும் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பியது. 1945 ஏப்ரல் 24 இரவு போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். அங்கே எஞ்சியிருந்த ராணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்காமல் போக மாட்டேன் என்று அவர்களையும் அழைத்துக்கொண்டார். லாரிகள் சேற்றில் சிக்கின, விமானத் தாக்குதலில் எரிந்தன. சித்தாங் ஆற்றைக் கடந்த பிறகு கால்நடைதான். பகலில் மரங்களுக்கடியில் பதுங்கல், இரவில் நடை. ஜானகி தேவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். போஸின் பேச்சைக் கேட்டுக் காதில் கிடந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தவர், அந்த நடையில் ராணிகளுக்குத் தலைமை தாங்கினார். மே மாதத் தொடக்கத்தில் மோல்மேன், அங்கிருந்து ரயில், மே நடுவில் பாங்காக்.

"சாப்பாடு?" என்றான். கிடைத்தபோதுதான் என்றேன். "துப்பாக்கி?" அதையும் சுமந்துகொண்டுதான். "காலணி?" எத்தனை நாள் தாங்கும், நீயே சொல். அவன் தன் காலைப் பார்த்தான். "மேலே விமானம் இருந்தால் வரிசையாக நடக்க முடியாது அத்தை. சிதறி நடந்தால் இருட்டில் ஆள் தொலைந்துபோவார்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் பாதிப் பேர் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்" என்றான்.

நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான். படை என்பது அந்தக் கட்டுப்பாடுதான். வெற்றியை நோக்கி நடக்கும்போது அது எளிது. தோற்றுத் திரும்பும் வழியிலும் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் வந்தவர்களைப் படை அல்ல என்று எவர் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஜூலை 17

இன்று எழுதுவது கடினமான பகுதி. மாணவர்களில் சீனப் பிள்ளைகளும் இருப்பார்கள். 1942 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த சூக் சிங் படுகொலையில் அவர்களுடைய பூட்டன்மார் சிலரை ஜப்பானியர் கடற்கரையில் நிற்கவைத்துச் சுட்டிருக்கலாம். அதே ஜப்பானியரின் கூட்டாளியாக நின்ற படையை நான் போற்றிப் பேசப் போகிறேன்.

இதை மறைக்கக் கூடாது. நமக்கும் அதே கணக்கு உண்டு. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போனவர்களில் பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டார்கள். பாதை முடிந்தது 1943 அக்டோபரில். சில மாதங்கள் கழித்து ராணிகள் பர்மாவுக்குச் சென்றது அதே தண்டவாளத்தில், சரக்குப் பெட்டிகளில். தோட்டத்துப் பெண்கள் சிலரின் தகப்பனோ அண்ணனோ அந்தக் கட்டைகளுக்கடியில் கிடந்திருப்பார்கள். ஜப்பானிய அதிகாரிகள் தொடக்கத்திலிருந்தே பெண்கள் படையை விரும்பவில்லை, ஆயுதம் கொடுக்கவும் தயங்கினார்கள். அந்தப் பெண்கள் ஜப்பானுக்காகச் சீருடை அணியவில்லை. ஆனாலும் ஜப்பான் இல்லாமல் அந்தச் சீருடை இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வேன். பிள்ளைகள் தாங்குவார்கள், பெரியவர்கள்தான் தயங்குகிறோம்.

ஜூலை 19

மேமியோ. 1944இல் ராணிகள் முன்னேறிச் சேர்ந்த பர்மிய மலையூர். இம்பால் விழுந்ததும் இந்திய மண்ணில் அடியெடுத்து வைக்க வேண்டியவர்கள் அங்கே காத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததோ தோல்விச் செய்தி. பின்னாலேயே மழையில் ஊறி, மலேரியாவும் சீதபேதியும் பிடித்து, எலும்பும் தோலுமாக வீரர்கள் வந்தார்கள். சுடக் கற்றுக்கொண்ட கைகள் கட்டுப்போடவும் மலச்சட்டி அள்ளவும் வேண்டியிருந்தது. லட்சுமி மருத்துவர் என்பதால் அவருக்கு அது பழகிய வேலை. மற்றவர்களுக்கு அப்படி இல்லை.

1945 பிப்ரவரியில் ரங்கூனின் மியாங் மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. நோயாளிகள் படுக்கையோடு இறந்தார்கள். போர்முனை என்று கோடு போட்டு வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டடம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லட்டும்.

ஜூலை 21

ரங்கூனிலிருந்து ரயிலில் திரும்பிய ஒரு குழுவை வழியில் கெரில்லாக்கள் தாக்கினார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிகள் சுடப்பட்டு இறந்தார்கள். இந்தப் பெயர்களை நம் மேடைகளில் நான் கேட்டதே இல்லை. லட்சுமிக்கு 1998இல் பத்ம விபூஷண் வந்தது, ஜானகிக்கு 2000இல் பத்மஸ்ரீ. அவை தகுதியுள்ள விருதுகள். ராசம்மா பூபாலன் படையிலிருந்து திரும்பி ஆசிரியராகி, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டு மலாயாவில் போராடினார். கவாத்துத் திடலில் கற்ற நிமிர்வு அங்கே பயன்பட்டது என்பேன்.

பேச்சின் அமைப்பை இன்று முடிவு செய்துவிட்டேன். மரியாதை அணிவகுப்பில் தொடங்கும் வழக்கமான வரிசை வேண்டாம். மேமியோவின் நோயாளிக் கூடத்தில் தொடங்குவேன், அங்கிருந்து ரங்கூன், சித்தாங், பாங்காக். வாட்டர்லூ தெரு கடைசியில் வரும். ஸ்டெல்லா, ஜோசபின் பெயர்களைப் பலகையில் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகன் விடுப்புக் கிடைத்தால் வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். வந்தால் நடையைப் பற்றிய பகுதியை அவனையே பேச வைப்பேன்.