ஒரே கணினியில் இரண்டு ஈதர்நெட் மோஷன் கார்டு

மோஷன் கார்டு என்பது கணினியின் கட்டளையை இயந்திரத்தின் மோட்டார்களுக்குக் கொண்டுசேர்க்கும் பலகை. ஒரு கார்டு ஓடிவிட்டால், அடுத்ததற்குக் கேபிளைச் செருகினால் போதும் என்றுதான் தோன்றும். முதலில் மோதுவது ஐபி முகவரி. மெசா 7ஐ92 கார்டில் ஒரு ஜம்பர் (கார்டில் மாற்றிச் செருகும் சிறு இணைப்பி) நிலைக்கு 192.168.1.121 என்ற மாறாத முகவரி. ஈஈப்ராம் (நாமே முகவரி எழுதிவைக்கும் நினைவகம்) நிலையில், புதிதாக வரும்போது, 10.10.10.10. புதுக் கார்டுகள் இரண்டு என்றால் இரண்டுக்கும் ஒரே முகவரிதான்.

அதனால் முகவரி எழுதும்போது ஒரு கார்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். முதல் கார்டை 10.10.10.10-இலேயே விட்டுவிட்டு, இரண்டாவதற்கு மெசாஃபிளாஷ் என்ற மென்பொருள் வழியாக 10.10.11.10 எழுதி, இரண்டிலும் ஜம்பரை ஈஈப்ராம் நிலையில் வையுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் புது முகவரி வரும். இது தெரியாமல், பழைய முகவரியே பதில் சொல்கிறதே என்று திரும்பத் திரும்ப எழுதுவார்கள். முகவரியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கார்டிலேயே ஒட்டிவிடுவது நல்லது.

10.10.10.11 என்று வைத்திருக்கலாமே? ஒவ்வொரு கார்டுக்கும் தனி நெட்வொர்க் போர்ட் கொடுக்கும்போது அது வேலைக்காகாது. இரண்டு போர்ட்டும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரிக் குழுவில்) இருந்தால் லினக்ஸ் ஒரு வழியைத்தான் பிடிக்கும். இரண்டாவது கார்டுக்கான பாக்கெட் முதல் கேபிளில் போய்த் தொலையும். போர்ட்டுகளுக்கு 10.10.10.1, 10.10.11.1 என்று கையால் கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. ஸ்விட்ச் வைத்தாலும் பிங் வரும், ஆனால் 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை தவறாமல் பதில் வேண்டிய இடத்தில் நான் வைக்க மாட்டேன். இணையத்துக்கு வேறு போர்ட். இன்டெல் போர்ட் என்றால் ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில் ஆர்எக்ஸ்-யூசெக்ஸ் (வந்த பாக்கெட்டைச் சொல்லக் காக்கும் நேரம்) மதிப்பை 0 ஆக்குங்கள். பிங் நேரத்தின் ஆட்டம் அடங்கும்.

இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில், ஹால் கோப்பின் (இணைப்புகளை எழுதும் கோப்பின்) போர்டு-ஐபி வரியில் இரண்டு முகவரியையும் காற்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும். அந்த வரிசைதான் கார்டின் எண்: முதல் முகவரி 0, அடுத்தது 1. வரிசை மாறினால் எக்ஸ் அச்சுக்கான கட்டளை வேறு மோட்டாருக்குப் போகும். கன்ஃபிக் வரியிலும் கார்டுகளுக்கு நடுவே காற்புள்ளி, ஒரே கார்டின் அமைப்புகளுக்கு நடுவே இடைவெளி.

அதிகம் பேர் தவறவிடுவது சர்வோ த்ரெட்டின் (ஒவ்வொரு மில்லி வினாடியும் ஓடும் வேலைப் பட்டியலின்) வரிசை. 0-வது ரீட், 1-வது ரீட் என்று மட்டும் போட்டால், முதல் கார்டின் பதில் வந்த பிறகே இரண்டாவதிடம் கேட்கும். இரண்டு காத்திருப்பும் கூடிவிடும். 0-வது ரீட்-ரிக்வெஸ்ட் (கேள்வியை மட்டும் அனுப்புவது), 1-வது ரீட்-ரிக்வெஸ்ட், அப்புறம் 0-வது ரீட், 1-வது ரீட் என்று போட்டால் இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கும். ரைட் (கார்டுக்குக் கட்டளை அனுப்புவது) இரண்டும் கடைசியில்.

வாட்ச்டாக் (கணினியின் தொடர்பு நின்றால் வெளியீட்டை நிறுத்தும் காவல்) கார்டுக்குக் கார்டு தனி. ஒன்றின் கேபிள் கழன்றால் அதன் வெளியீடு நிற்கும். மற்றது தன் பாட்டுக்கு ஓடும். இரண்டின் பாக்கெட்-எரர்-எக்ஸீடெட் பின்களையும் (தொடர்பு அறுந்ததைச் சொல்லும் ஹால் சமிக்ஞைகள்) எமர்ஜென்சி ஸ்டாப் சங்கிலியில் சேருங்கள். கேன்ட்ரியின் (ஒரே அச்சை இருபுறமும் தள்ளும் பாலத்தின்) இரு மோட்டார்களையும் ஒரே கார்டில்தான் வைக்க வேண்டும். இயந்திரத்தில் பூட்டுமுன், மோட்டார்கள் வெறுமனே சுழலும்போது ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, இரண்டும் நிற்கிறதா என்று பாருங்கள்.