அக்கா மகளும் சமூகவியலும்

பிளஸ் டூ முடித்த அக்கா மகள் சமூகவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! எங்கே சேர்ப்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கருத்து.

அத்தான் தரவரிசையைப் பார்க்கச் சொல்கிறார். பொறியியல், மருத்துவம், சட்டம் என்று தனித்தனியே பட்டியலிடும் என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசை), சமூகவியலும் அடங்கும் சமூக அறிவியலுக்கென்று தனிப் பட்டியல் போடுவதில்லை. ஆகவே துறையைத்தான் பார்க்க வேண்டும். நேற்று இரவு அவளும் நானும் ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். தாளுக்குத் தாள் வரையறைகள், கோட்பாட்டாளர் பெயர்கள். களப்பணி எங்கே என்று தேடினாள். கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு தாள். ஒரு கிராமத்துக்கும் போகாமல், ஒரு குடும்பத்திடமும் பேசாமல் சமூகவியலில் பட்டம் வாங்கி என்ன பயன்? ஆசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள், எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் விருப்பம் மத்தியப் பல்கலைக்கழகமான ஹைதராபாத் பல்கலைக்கழகம். அங்கே இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. இருக்கிறது. சமூகவியலோடு வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல், மானிடவியல் எல்லாம் ஒரே வளாகத்தில். தனியார் பல்கலைக்கழகங்களைவிடக் கட்டணமும் மிகக் குறைவு. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு நடக்கும் க்யூட் (CUET) பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.

அக்காவுக்கோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போதும், பெண் பக்கத்திலேயே இருப்பாள் என்ற எண்ணம். அந்தத் தவிப்பும் புரிகிறது.

இந்த இரண்டு இடங்களிலும் சமூக அறிவியல் படிப்பவர்கள் நட்பு வட்டத்தில் இருந்தால், விடுதி, நூலகம், வகுப்புகள் பற்றி விரிவாக எழுதுங்கள். அவளிடமே படிக்கக் கொடுக்கிறேன்.