20 சென்ட் சுருதி

எங்கள் ஊரில் சென்ட் என்றால் நிலம். நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது சுருதியின் அளவு. அரைச் சுரத்துக்கு 100 சென்ட், ஒரு ஸ்தாயிக்கு 1200. அதில் 20 சென்ட் எவ்வளவு பெரிது என்று எனக்குப் புரியவைத்தவர் வில்லுப்பாட்டுப் பாடும் ஒரு ஆச்சி.

கோயில் கொடைக்குக் கொடை பாடி உரம் ஏறிய குரல் அவருடையது. இடத்தே நின்று பின்பாட்டுப் பாட ஓர் ஆள், உடுக்கை, குடம், ஜால்ரா, சுருதிக்கு ஒரு பழைய ஆர்மோனியம். சுருதி ஐந்து கட்டை. பதிவு நன்றாகவே முடிந்தது. இரவில் சுருதி திருத்தும் மென்பொருளில் குரலை ஏற்றி, திருத்தும் வேகத்தை முழுதாகக் கூட்டிவைத்தேன்.

மறுநாள் கேட்டுவிட்டு ஆச்சி, "மக்களே, இதைப் பாடியது யார்?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், முன்பு எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். இவ்வகை மென்பொருள் குரலலை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று கணக்கிட்டு, பக்கத்துச் சுரத்துக்கு இழுத்துவிடும். காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு ஆச்சி வழுக்கி ஏறிய இடமெல்லாம் படிக்கட்டாகிவிட்டது. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. ஆர்மோனியம் 20 சென்ட் கூடுதலாக இருந்தது. மென்பொருள் சுரங்களை அளக்கும் அடிப்படை அதிர்வெண்ணை நான் வழக்கமான 440 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைத்திருந்தேன். ஆர்மோனியத்தோடு சரியாகச் சேர்ந்திருந்த குரலை நானே பிரித்திருக்கிறேன்.

20 சென்ட் கூட்டி, அதை 445 என்று மாற்றினேன். வேகத்தைக் குறைத்து, நீட்டிப் பிடிக்கும் சுரங்களில் மட்டும் திருத்தியை இயங்கவிட்டேன். அசைவுகளைத் தொடவில்லை.

ஆர்மோனியத் துருத்தியின் இரைச்சல் பாட்டுக்குள் புகுந்திருந்ததால் சுருதியைச் சிந்தசைசரில் செய்தேன். ஒலியலையை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் இரண்டு, இரண்டிலும் ரம்பப்பல் அலை. சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே இருக்கும்; ரம்பப்பல்லில் எல்லாம் உண்டு, ஆர்மோனியத்தின் நாணல் (ரீட்) ஒலிக்கு அதுவே நெருக்கம். முதலாவது ஷட்ஜம். இரண்டாவதை ஏழு அரைச் சுரம் ஏற்றிப் பஞ்சமம் ஆக்கினேன். ஆனால் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை மெல்லிய அலைவு கேட்டது. கீபோர்டின் பஞ்சமம் 700 சென்ட். காதுக்கு அலைவில்லாமல் சேரும் பஞ்சமம், அதாவது ஷட்ஜத்தோடு அதிர்வெண் 3:2 என நிற்பது, 702. நுண்சுருதிக் குமிழை 2 சென்ட் திருப்பினேன். அலைவு அடங்கியது. ஃபில்டரைத் தாழ்த்திக் கூர்மையைக் குறைத்ததும் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

தாய் பிள்ளையைத் தேடி அழும் ஒரு வரியில் மட்டும் மேல் ஷட்ஜம் எட்டாமல் குரல் இறங்கியிருந்தது. சரிசெய்யட்டுமா என்று கேட்டேன்.

"அங்கே அம்மை அழுகிறாள் மக்களே. அதைத் தொடாதே."

அந்த வரிக்கு மட்டும் திருத்தியை அணைத்துவிட்டேன்.